பஸ்ஸில் வந்த சட்டம்

எங்கள் அச்சகத்தில் மை கலக்குகிற, அண்ணன் முறையில் நான் ‘காக்கா’ என்று கூப்பிடுகிறவரின் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். சின்ன ஓடர்களை அடிக்க, ஓட்டோமெட்டிக் ஸ்கிரீன் மெசினுக்குத் துணையாகக் கைமெசின் ஒன்று வாங்க நானும் அவரும் கொழும்புக்குப் போனோம். இருக்கிற மெசினின் துணி கட்டிய சட்டம் ஒன்றைக் கடையில் பொருத்திப் பார்க்கவென்று கல்முனையிலிருந்தே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கடையில் எனக்குப் பிடித்த பளபளப்பான மெசினில் சட்டம் பொருந்தவில்லை. மூலையில் கிடந்த துருப்பிடித்ததில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“இதுதான் தம்பி.”

“வடிவில்லையே காக்கா?”

“நம்மட ஊரில மாப்பிள்ளைதானே பொண்ணு ஊட்டுக்கு வாற? வடிவிருந்து என்ன, ஊட்டோட ஒத்துப்போகணும்.”

அடுத்த வாரம் கரண்ட் போனது. பெரிய மெசின் பார்த்துக்கொண்டு நிற்க, துருப்பிடித்தது கல்யாணப் பைகளை அடித்து முடித்தது. காக்காவைப் பாராட்டலாமென்று தேத்தண்ணியோடு போனேன்.

“வையுங்க தம்பி” என்றார், திரும்பாமலே. மாப்பிள்ளைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.