கல்யாண வீட்டு நோன்பு

எனக்கு முடக்குவாதம் என்று எர்ணாகுளத்து டாக்டர் சொன்னபோது, அதெல்லாம் வயசானவர்களுக்கு வருவதல்லவா என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றார்.

காலையில் விரல்கள் மடங்காது. சுடுதண்ணீரில் வைத்து, கெஞ்சிக் கூத்தாடி மடக்குவேன். குழாயைப் புறங்கையால் திறக்கவும், பால் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டவும், வீட்டில் ஸ்பூனால் சாப்பிடவும் பழகிவிட்டேன். வெளியே போனாலும் பையில் ஒரு ஸ்பூன் இருக்கும்.

கல்யாண வீடுதான் வம்பு. மட்டாஞ்சேரியில் எங்கள் சொந்தத்தில் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடுவோம். அதில் நான் மட்டும் ஸ்பூனை நீட்டுவதா? 'ஐயோ பாவம்' என்று பார்க்கும் முகங்கள் எனக்கு ஆகவே ஆகாது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரமலானில் விட்டுப்போன நோன்பை இப்போது வைக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அப்படி ஈடுகட்டும் களா நோன்பு என்றால், மாதவிலக்கு நாட்களில் விட்டதாக இருக்கும் என்று பெண்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. எந்தக் கல்யாணம் என்றாலும் அன்று எனக்கு நோன்பு. பிரியாணி வாசத்தை மோந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிடும்போது அழுகை முட்டும். எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுவது இனி அவ்வளவுதானோ என்ற பயம் வலியைவிட மோசமாக இருந்தது.

போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்திலும் அதையேதான் சொன்னேன். என் கணவரின் அண்ணன் மனைவியை இத்தா, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். என் தோளை அழுத்தி சஹன் முன்னால் உட்கார வைத்தவர், காதோடு கேட்டார்.

"ரமலானுக்கு முப்பது நாளுதானே உண்டு. உனக்கு மட்டும் எத்தனைடீ?"

பிறகு பிரியாணியில் உப்பு போதாது என்று சமையல்காரரைத் திட்டியபடியே, இறைச்சியை எலும்பிலிருந்து பிய்த்து என் பக்கம் தள்ளினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன குழந்தையா, வேண்டுமென்றால் கேட்க மாட்டேனா என்றேன்.

"நீ என்னிக்காவது கேட்டிருக்கியா?"

இத்தனையும் பழகிய எனக்கு வாய் திறந்து கேட்பது ஒன்றுதான் பழகவில்லை. பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். தட்டின் நடுவில் கொழுப்போடு ஒரு பெரிய துண்டு கிடந்தது.

"இத்தா, அந்தத் துண்டு எனக்கு வேணும். பிச்சுத் தாங்க."

தனக்கென்று பார்த்து வைத்திருந்ததாக முணுமுணுத்துக்கொண்டே பிய்த்துத் தந்தார்.