தண்ணி குரூப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்தும் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த சமயம். மலேசியாவின் மெர்போக்கில், தாமான் என்று நாங்கள் சொல்லும் ஒரு குடியிருப்பில், வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மா தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சுங்கைப் பட்டாணி பக்கத்தில் ஒரு கல்லூரியில் எலி வளர்க்கும் வேலை பார்க்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, எடை போடுவது, மாணவர்கள் மருந்து கொடுக்கும்போது எலியைப் பிடித்துக் கொடுப்பது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது தனிக் கதை.

அப்பா தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. மாத்திரையைத் தவறாமல் போடுவார், ஆனால் அவருடைய நம்பிக்கையெல்லாம் வேலியோரம் நின்ற ஒரு செடிமேல்தான். ஆப்பிரிக்கா இலை என்று சொன்னால் மலேசியாவில் தெரியாதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்தார். அப்பா அதை மண்ணில் செருகி வைத்தார், ஒரே வருடத்தில் வேலிக்கு மேலே போய்விட்டது. அந்த இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டித் தினமும் காலையில் ஒரு டம்ளர் குடிப்பார். நிலவேம்பு இதற்கு முன்னால் பாயசம் மாதிரி. குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பதற்குப் பதில் நாக்கைச் சப்புக்கொட்டுவார், என்னை வெறுப்பேற்றுவதற்காக.

தனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. காலையில் ஒரு கூடை பறித்து, பிடி பிடியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கோயில் காவலாளிக்கு ஒரு கட்டு, பசாரில் காய்கறி விற்கும் சீனத்து அம்மாவுக்கு ஒரு கட்டு, தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அவருடைய கூட்டாளிக்கு இரண்டு கட்டு. யாரிடமும் ஒரு காசு வாங்க மாட்டார். திரும்பி வரும்போது கூடையில் வாழைப்பழமோ அவித்த மரவள்ளிக் கிழங்கோ இருக்கும். அரசாங்கத்தில் ஏதோ பதவி கொடுத்த மாதிரி அந்த வேலையைச் செய்வார்.

அந்த மழைக்காலத்தில்தான் கிளினிக்கில் ரத்தம் சோதித்துவிட்டு, சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். வேறு ஏதாவது நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒன்றும் இல்லையே என்று தலையாட்டினார். எனக்கு வந்ததே கோபம்! இருக்கிற விஷயத்தை நானே டாக்டரிடம் சொன்னேன். வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றார் அவர். காருக்குள் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"கிட்னிய வச்சு விளையாடறீங்களாப்பா?"

"இலைமா அது. ஊரே குடிக்குதுலா. யாரு செத்தா?"

"யாரும் சாகலனா நல்லதுன்னு அர்த்தமா?"



தற்செயலாக அதே வாரம் எங்கள் எலி அறைக்கு ஒரு புதிய ஆய்வு வந்தது. நைஜீரியாவிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவர், அதே இலையின் சாறு உடம்புக்குக் கெடுதல் செய்யுமா என்று எலிகளில் பார்க்கப் போகிறார். கிடைத்தது துருப்புச் சீட்டு என்று அன்று மாலையே அப்பாவிடம் ஓடினேன். எங்கள் அறையிலேயே சோதிக்கிறோம், எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வரட்டும், அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் கேட்போம், அதுவரை அந்தச் செடியைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். பெரிய சண்டை வரும் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர் "சரிமா" என்றார். அவ்வளவுதான். அப்பா எதற்கும் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வேலை முடிந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேள்வி வந்தது.

"எலி எப்படி இருக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா."

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான். நானும் சளைக்காமல் சொன்னேன். எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்திருந்தோம். ஒன்றுக்குக் கொஞ்சமாகச் சாறு, ஒன்றுக்கு நடுத்தரமாக, ஒன்றுக்கு அதிகமாக. நான்காவது கூட்டத்துக்கு இலையே கிடையாது, வெறும் தண்ணீர்தான். ஆனால் அவற்றையும் அதே மாதிரி பிடித்து, அதே மாதிரி குழாய் வழியாகத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, அதே மாதிரி எடை போடுவோம். எதுவும் கொடுக்காத எலி எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தானே கொடுத்த எலிக்கு என்ன ஆனது என்று சொல்ல முடியும்? எங்கள் அறையில் அதற்குத் தண்ணி குரூப் என்று பேர்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "தண்ணி குரூப்பா? அப்ப என்னையும் அதுல சேத்துக்கோ. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துடறேன்." எங்கள் ஊரில் தண்ணி என்றால் எந்தத் தண்ணி என்று உங்களுக்கே தெரியும்.

அந்த மாணவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் வீட்டில் இது குழம்புக் கீரையாம். கசப்பு இறங்கும்வரை கசக்கிப் பிழிந்து, அலசி, அந்தப் பச்சைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு இலையைச் சமைப்பார்களாம். இங்கே எல்லோரும் இலையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். "அந்தத் தம்பியை ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டியா. எப்படி ஆக்கறதுன்னு காட்டட்டும்" என்றார். ஆய்வு முடியட்டும் என்றேன்.

நான் அந்த நாட்களில் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பா பேச்சைக் கேட்கிறார். மழையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு சுற்றுவதில்லை. நான் வீட்டுக்கு வரும்போது டிவி முன்னால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார். வேலியோரச் செடி பறிக்க ஆளில்லாமல் கிளைவிட்டு ரோட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம், மனுஷர் தொடவே இல்லை என்று எனக்குப் பெருமையாக இருக்கும். கூட வேலை செய்கிறவர்களிடம், கண்டிப்பாகச் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்று பாடம்கூட நடத்தினேன்.

ஆய்வின் கடைசி நாள் வந்தது. அந்த நாளைப் பற்றி வெளியே அதிகம் பேச மாட்டோம். ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுத்துப் பார்த்தால்தான் ஆய்வு முழுமையாகும். அதனால் எல்லா எலிகளையும் வலி தெரியாமல் மயக்கி முடித்துவிடுவோம். எத்தனை முறை செய்தாலும் அன்று எனக்குச் சோறு இறங்காது. அன்று மாலையும் அப்பா கேட்டார்.

"எலி எப்படி இருக்கு?"

விவரத்தைச் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"தண்ணி குரூப்புமா?"

"ஆமாப்பா. அதையும் உள்ள பாத்தாதான் ஒப்பிட முடியும்."

"பாவம்மா அதுங்க. அதுங்களுக்கு ஒண்ணுமே குடுக்கலையே."

எழுந்து போய் ஜன்னல் பக்கத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் களைப்பு, குளிக்கப் போய்விட்டேன்.

உறுப்புகளை மெல்லிய துண்டுகளாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்லச் சில வாரங்கள் ஆகும். அந்தக் காத்திருப்பில் ஒரு காலை, அப்பா குளித்துவிட்டு வந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். பாதிப் பொத்தான்தான் போட்டிருந்தார். சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். சிறுநீரகத்தாலா டாக்டர் என்று கேட்டேன். இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அந்த ஒரு கேள்விதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியம்மா வந்து படையல் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் என் கைப்பேசிக்கு அந்த மாணவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இதை இன்று உங்களிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை என்று ஆரம்பித்திருந்தார். முடிவு வந்துவிட்டதாம். அதிகச் சாறு கொடுத்த எலிகளுக்கு மட்டும் எடை கொஞ்சம் குறைவாக ஏறியிருந்தது. குறைந்த, நடுத்தர அளவு கொடுத்தவற்றுக்கும் தண்ணீர் மட்டும் கொடுத்தவற்றுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஒரே மாதிரி. உங்கள் அப்பா தினமும் விசாரிப்பார் என்று சொல்வீர்களே, அதனால்தான் எழுதினேன் என்று முடித்திருந்தார். நான் கைப்பேசியை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன். அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் அல்லவா?

தேத்தண்ணிக் கடைக் கூட்டாளி மத்தியானம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் சீனி போடாத தேத்தண்ணி, படையலில் வைக்க. அவரும் அப்பாவும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இலையில் வைத்திருந்ததையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். மீன் குழம்பு, முறுக்கு, ஒரு போத்தல் கருப்பு பீர்.

"இலைத் தண்ணி வைக்கலியாமா?"

"அது அவர் விட்டு ரொம்ப நாளாச்சு மாமா."

"தெரியும்லா. அதோட எங்களையும் விட்டுட்டாரே."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். "அதுக்கப்புறம் கடைப்பக்கமே வரலமா. நானே ஒரு நாள் வந்து கூப்பிட்டேன். வெறுங்கையோட எப்படி மச்சான் வர்றது, போற எடமெல்லாம் இலை எங்கன்னு கேப்பாங்க, எனக்கு ஆகுமா ஆகாதான்னு தெரியாதத அடுத்தவனுக்கு எப்படிக் குடுக்கறதுன்னாரு. சும்மா வந்து தே குடிச்சிட்டுப் போயான்னேன். சிரிச்சாரு. எம் மக என்னைத் தண்ணி குரூப்புல போட்டிருக்கா, ரிசல்ட் வரட்டும், மொத கட்டு உனக்குத்தான்னாரு. கோயில்லகூடக் கேட்டுக்கிட்டே இருந்தாங்கமா, ஆளைக் காணோமேன்னு."

நான் எழுந்து வேலியோரம் போனேன். இலை பறிக்கத் தெரியவில்லை. முற்றலைப் பறிப்பதா, கொழுந்தைப் பறிப்பதா? இத்தனை வருடம் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் கூட நின்று பறித்ததில்லை. கைக்கு வந்ததைப் பறித்துக் கொதிக்க வைத்தேன். படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது. அதனால் சரியாக வந்ததா என்று தெரியாமலே வடிகட்டி, அவருடைய டம்ளரில் ஊற்றி, பீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்திருந்தால் அப்பா கட்டாயம் ஏதாவது கிண்டல் செய்திருப்பார்.

காரியம் முடிந்து எல்லோரும் படையலைப் பகிர்ந்துகொண்டார்கள். பீரைக் கூட்டாளி எடுத்துக்கொண்டார். இலைத் தண்ணீரை யாரும் தொடவில்லை. நான் எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். கசப்பு தொண்டையைப் பிடுங்கியது. சப்புக்கொட்ட முயற்சி செய்தேன், முடியவில்லை.

நான் சொன்னது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. சிறுநீரகம் சோர்ந்த ஒருவர் டாக்டருக்குத் தெரியாமல் எந்த இலையையும் குடிக்கக் கூடாது, எலிக்கு ஒன்றும் ஆகாததால் மனிதருக்கும் ஆகாது என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டில் அப்பா அம்மா இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த இலையோடு சேர்த்து நான் எதை நிறுத்தினேன் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. காலைப் பொழுதும், மோட்டாரும், கூடையும், நாலு பேர் அவரை எதிர்பார்த்துக் காத்திருந்ததும் அந்தக் கசப்புக்குள்தான் இருந்திருக்கின்றன. எலிகளைத் தினமும் தூக்கித் தராசில் வைத்தேன், எடை கொஞ்சம் இறங்கினாலும் பதறினேன். அந்த வாரங்களில் அப்பா இளைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். காலையில் எலி அறைக் கதவைத் திறக்கும்போது, வெள்ளை அட்டை தொங்கும் தண்ணி குரூப் கூண்டுகளுக்குத்தான் முதலில் தீனி வைக்கிறேன். எலி எப்படி இருக்கு என்று அவர் ஒரு நாள் விடாமல் கேட்டார். நீங்க எப்படி இருக்கீங்கப்பா என்று நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.