முப்பது படமும் மூன்று ஷிஃப்டும்

முப்பது நாள், முப்பது படம். ஒரு நாளும் விடக்கூடாது. பாதியில் எழுந்து போனால் அந்தப் படம் கணக்கில் சேராது. பாட்டு இருக்காது, சண்டை இருக்காது, தெரிந்த நடிகர் ஒருவரும் இருக்க மாட்டார். எங்கள் சுரங்க டவுன்ஷிப் கிளப்பில் அப்படி ஒரு பந்தயம் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு விசிடி வந்துவிட்ட காலம் அது.

நான் அப்போது கிளப்பில் அட்டெண்டர். அதற்கு முன் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட்டில் பதினெட்டு வருஷம். இடுப்பு போனதும் லேசான வேலை என்று இங்கே அனுப்பினார்கள். நாற்காலி போடுவது, டீ கொண்டுவருவது, ஹாலைப் பூட்டுவது. படம் போடுகிற மெஷினும் என் பொறுப்பு. ஐந்தாவது வரை படித்தேன். மெஷினுக்கு அது போதும்.

கமிட்டி கூடியது. செயலாளர் ஓர் இன்ஜினியர். நல்ல மனிதர். சென்னையில் இருந்த அவருடைய சிநேகிதர் ஓர் அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க் அனுப்பியிருந்தார். எல்லாம் வெளிநாட்டுப் படம். எந்த நாள் எந்தப் படம் என்று அவரே பட்டியல் போட்டிருந்தார். முதல் வாரம் ஒரு நாடு, அடுத்த வாரம் வேறு நாடு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு.

நான் டீ வைத்துக்கொண்டிருந்தேன். கமிட்டியில் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“ரெண்டாவது ஷிஃப்ட்டு ஆளுங்க எப்பிடி சார் பாப்பாங்க?”

இரண்டாவது ஷிஃப்ட் மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. ஷிஃப்டில் இருக்கிற எல்லோருக்கும் மாதத்தில் ஒரு வாரமாவது அது வரும். சாயங்காலம் மட்டும் படம் போட்டால் அவர்களில் ஒருவரும் முப்பதைத் தொட முடியாது.

செயலாளர் சிரித்தார். கேலி இல்லை.

“ஷிஃப்ட்ல இருக்கறவங்க இந்த மாதிரி படமெல்லாம் பாப்பாங்களாப்பா? கீழ வர்ற எழுத்து பூரா இங்கிலீஷ். அத யாரு படிச்சுச் சொல்றது?”

“எழுத்து வேணாம் சார். பெல்ட்டு ஓடறப்ப காதுல ஒண்ணும் வுழாது. எதுர நிக்கறவன் மொகத்தப் பாத்துகினு, கையப் பாத்துகினுதான் வேல. பதினெட்டு வருசம் அப்பிடித்தான் பாத்தேன்.”

 கமிட்டியில் இருந்த பேங்க் ஆபீசர் டீயை உறிஞ்சினார்.

“தூங்கிடுவாங்களேப்பா” என்றார்.

“தூங்காம இருக்கணும்னா லிஸ்ட்ட மாத்தணும் சார். என்னண்ட குடுங்க.”

செயலாளர் என்னைப் பார்த்தார். பட்டியலை நீட்டினார்.

“சரி, மாத்திக்க. சாயங்காலம் போட்ட படத்த மறுநாள் காலையிலயும் ஒரு ஷோ போட்டுக்க. ஆனா ஒரே ஒரு ஷிஃப்ட் ஆளாவது முப்பதையும் முடிக்கணும். இல்லன்னா அடுத்த வருஷம் காலை ஷோ, லிஸ்ட்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது. சரிதானா?”

“சரி சார்.”

வார்த்தை கொடுத்தாயிற்று. வேலையை ஆரம்பித்தேன்.

மத்தியானத்தில் கிளப் பூட்டித்தான் கிடக்கும். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டேன். ஒரு படம் பெரும்பாலும் இரண்டு டிஸ்க்கில் வரும். எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்று மெஷின் காட்டும். அதை எழுதிக்கொண்டேன். அங்கங்கே ஓட்டிப் பார்த்தேன். பேச்சு அதிகமா, மழை வருகிறதா, ஆடு மாடு உண்டா. அதையும் எழுதினேன்.

பிறகு ஆள் பிடிக்க ஷிஃப்ட் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். முதலில் கேட்டது எனக்கு எதிரே பல வருஷம் பெல்ட்டில் நின்ற ஆளை. கம்மாபுரம் பக்கம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலைக்கு வந்தவர்.

“முப்பது நாளா? என் பொண்டாட்டி மொகத்தயே அத்தன நாளு சேந்தாப்ல பாத்ததில்லய்யா நானு” என்றார். ஆனாலும் பெயர் கொடுத்தார்.

பதினோரு பேருடைய ஷிஃப்ட் அட்டவணையையும் வாங்கிவைத்தேன். எந்தப் படம் என்றைக்கு என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்தேன். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவன் விடியுமுன் நாலு மணிக்கு எழுந்தவன். அவனுக்கு முன்னால் மெழுகுவர்த்தியைக் காட்டிக்கொண்டே இருக்கிற படத்தைப் போட்டால் அவ்வளவுதான். நைட் ஷிஃப்டில் முதல் இரண்டு நாள் உடம்பு தாங்கும். மூன்றாம் நாள் விழும். அன்றைக்குக் கால்நடை வருகிற படம். மாடு வந்தால் எங்கள் ஆட்கள் தூங்க மாட்டார்கள். அதன் காலைப் பார்ப்பார்கள், வயிற்றைப் பார்ப்பார்கள், எத்தனை ஈத்து என்று பார்ப்பார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் படமெல்லாம் வார லீவு நாளுக்கு. நைட் ஆட்களுக்கு ஒன்பது மணிக்குக் கால் மணி இருக்கும்போது பஸ். ஆறு மணிப் படம் எட்டரைக்குள் முடிய வேண்டும்.

செயலாளர் என் தாளை வாங்கிப் படித்தார்.

“என்னப்பா இது, ‘மாடு உண்டு’, ‘மாடு இல்ல’ன்னு எழுதி வெச்சிருக்க?”

“அது வேணும் சார்.”

அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்.

பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர், கிறிஸ்தவர். பந்தயம் வந்தது தவக்காலத்தில். நாற்பது நாளும் ஒறுத்தல் என்று அவர் வீட்டில் கறி மீன் கிடையாது, சினிமா கிடையாது. அவர் மனைவி போகக்கூடாது என்றுவிட்டார். இரண்டாம் நாள் காலைக் காட்சிக்கு அவர் மனைவியையும் கூட்டிவந்துவிட்டார். அன்றைக்குப் படத்தில் ஒரு கிழவர் கூரை வேய்ந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் அதைத்தான் செய்தார். அந்த அம்மா கடைசி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து புருஷனிடம் சொன்னார்.

“சரிங்க, இது ஒறுத்தல்தான். போய்ட்டு வாங்க.”

முதல் வாரம் ஹால் நிறைந்தது. இரண்டாம் வாரம் நான் போடுகிற நாற்காலி குறைந்தது. ஆபீஸ் ஆட்களில் பாதிப் பேர் டிவியில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்கள். ஷிஃப்ட் ஆட்களும் உதிர்ந்தார்கள். ஒருவருக்கு மாமனார் காரியம். ஒருவருக்கு ரிலீவர், அடுத்த ஷிஃப்டுக்கு மாற்ற வேண்டிய ஆள், வராமல் டபுள் டியூட்டி. இரண்டு பேர் பிடிக்கவில்லை என்று நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். அது மரியாதை.

மூன்றாம் வார முடிவில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கம்மாபுரத்துக்காரர், பம்ப் ஹவுஸ்காரர், குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. மூவருக்கும் அந்த வாரம் நைட். என் வார்த்தை அவர்கள் கையில் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள். அவர்களுக்கு மூன்றாவது நைட். அதனால் மாட்டுப் படம். மலைநாட்டில் ஒருவன் தன் பசுவை விற்க ஓட்டிப் போகிறான். வழி நெடுக நடை. கடைசியில் பெரிய இரும்புக் கேட் முன்னால் வந்து நிற்கிறான். பசு குனிந்து குட்டையில் தண்ணீர் குடிக்கிறது. அவன் கேட்டைப் பார்க்கிறான். அத்தோடு திரை நீலமானது.

எட்டு இருபது. நான் எழுதிவைத்த நேரம். விளக்கைப் போட்டேன். மூன்று பேரும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். இந்தப் படங்களெல்லாம் இப்படித்தான் பட்டென்று நிற்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

செயலாளர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார்.

“கதவு திறக்குமா, திறக்காதா? அத நம்மகிட்டயே விட்டுட்டாரு பாருங்க. இதுதான் முடிவு.”

பேங்க் ஆபீசர் தலையாட்டினார். ஐந்தாறு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். நான் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டாவது டிஸ்க் அதன் குழியில் படியவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் இன்னொரு டிஸ்க் இருந்தது.

மூன்றாவது. நான் எண்ணியது இரண்டு.

பெட்டியை மூடியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. மூன்று பேரும் படத்தை முடித்ததாக நோட்டில் டிக் போட்டாயிற்று. செயலாளர் இன்னும் முடிவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

“சார்.”

“என்னப்பா?”

“இன்னும் ஒரு டிஸ்க் இருக்கு.”

பேங்க் ஆபீசர்தான் முதலில் கேட்டார்.

“அப்ப முடிவு?”

“இன்னும் வரல சார்.”

செயலாளர் உட்கார்ந்தார். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். நான் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்து மூன்றாவதைப் போட்டேன். நாற்பது நிமிஷம் ஓடியது.

முடிந்ததும் செயலாளர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“அந்த மூணு பேரும் இதப் பாக்கலையேப்பா.”

“நாளைக்குக் காலையில பாப்பாங்க சார்.”

“நைட்டு முழிச்சிட்டா?”

நோட்டை எடுத்தேன். அவர்கள் பெயருக்கு நேரே போட்ட மூன்று டிக்கையும் கோடு போட்டு அடித்தேன்.

காலையில் சைக்கிளில் பஸ் வரும் இடத்துக்குப் போனேன். மூன்று பேரும் இறங்கினார்கள். புருவத்தில் கரித்தூள். சொன்னேன்.

“முடிஞ்சிபோச்சின்னுதான எழுந்து வந்தோம்?” என்றார் கம்மாபுரத்துக்காரர்.

“முடியல.”

“பின்ன ஏன்யா லைட்டப் போட்ட?”

“தப்பு என்னுது. அடியில ஒண்ணு இருந்துச்சி. எண்ணாம வுட்டுட்டேன்.”

பம்ப் ஹவுஸ்காரர் சமாதானமாகக் கேட்டார். “அந்த ஒண்ண மட்டும் போடுண்ணே. பாத்துட்டுப் போய்ப் படுக்கறோம்.”

“ஒரே மூச்சுல முழுசாப் பாத்தாத்தான் கணக்கு. பொதுவுல வெச்ச ரூலு.”

“அப்ப நேத்து பாத்தது?” என்றார் கான்ட்ராக்ட் தொழிலாளி.

“சேராது.”

கம்மாபுரத்துக்காரர் பையைத் தோள் மாற்றினார்.

“ஒன்ன மாதிரி ஆளு ரிலீவரா வந்திருந்தா அந்தப் பெல்ட்டு என்னிக்கோ அறுந்துபோயிருக்கும்யா.”

 அவர் சொன்னது சரி.

“டீ வாங்கிக் குடு” என்றார். வருகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

ஒன்பதரைக்குப் படம். பம்ப் ஹவுஸ்காரர் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கான்ட்ராக்ட் தொழிலாளி நாற்காலி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார், சாய இடம் இருக்கக்கூடாது என்று. கம்மாபுரத்துக்காரர் உட்காரவே இல்லை. சுவரை ஒட்டி, பெல்ட்டில் நிற்கிற மாதிரி மூன்று டிஸ்க்கும் நின்றே பார்த்தார். நானும் நின்றேன். அவர்கள் கண்ணைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணும் மூடவில்லை.

மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போனார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு இருபத்து மூன்றாவது படத்துக்கு மூன்று பேரும் வந்து நின்றார்கள். அன்றைக்கு நான் எழுதியிருந்தது ‘மாடு இல்ல’. அப்படியும் தாங்கினார்கள்.

முப்பதாவது படம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைக் காட்சி முடிந்ததும் எல்லோருக்கும் சேர்த்துக் கூட்டம். முப்பதையும் முடித்தவர்கள் பெயரைச் செயலாளர் வாசித்தார். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர். ஷிஃப்ட் ஆட்கள் மூன்று பேர். நான் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் பார்த்தவன். மெஷின்காரனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

“அடுத்த வருஷமும் காலை ஷோ உண்டு. லிஸ்ட் போடறது அவருதான்” என்று என்னைக் காட்டினார். கை தட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெஷினைப் பார்த்தேன்.

பிறகு அவர் மாட்டுப் படத்தைப் பற்றிப் பேசினார். கடைசியில் அந்த ஆள் பசுவை விட்டுவிட்டு வெறும் கயிற்றோடு மலை இறங்குகிறான். கயிறு மட்டும் கையில். இழப்பை இதைவிட எப்படிக் காட்ட முடியும் என்றார்.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“அது அப்பிடி இல்ல சார்.”

கம்மாபுரத்துக்காரர். எழுந்திருக்கவில்லை.

“எப்பிடி இல்ல?”

“மாடு விக்கறவன் கயித்தக் குடுக்க மாட்டான் சார். வாங்கறவன்தான் புதுக் கயிறு கொண்டாரணும். பழசு நம்ம வூட்டுக்கு வந்துடணும். அது போச்சின்னா அடுத்த மாடு தங்காது. அந்த ஊர்லயும் அப்பிடித்தான் போலக்குது.”

“அப்ப அது சோகமில்லைங்கறியா?”

“அவன் மொகத்தப் பாருங்க சார். கேட்டண்ட நின்னானே, அப்பதான் அழுவுற மொகம். எறங்கி வர்றப்ப இல்ல. கயித்த ரெண்டு சுத்து சுத்தித் தோள்ல போட்டான் பாத்தீங்களா? அடுத்தத வாங்கப் போறான்.”

“கீழ எழுத்துல ஒண்ணும் வரலையே.”

“எழுத்துல வராது சார். நான் நாலு மாடு வித்தவன்.”

 செயலாளர் மேடையிலிருந்து இறங்கினார். ஒரு நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுங்க” என்றார்.

நான் அதற்குள் இரண்டு வரிசை நாற்காலியை அடுக்கியிருந்தேன். வாசலில் செருப்பு மாட்டியவர்கள் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எடுத்து மறுபடியும் போட்டேன்.