மாவு ஆகாத முதலாளி

அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியாக இருந்ததால் அல்ல. பேக்கரியில் மாவு பிசைகிற ஆள் அவர். முழங்கை வரை மாவும் தலையெல்லாம் வெள்ளையுமாக நிற்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நான் இங்க தொழில் கத்துக்கத்தான் வந்திருக்கேன், எனக்குன்னு ஒரு கடை போடப்போறேன்" என்று வாயை விட்டுவிட்டார். விடுவார்களா? அன்றைக்கு ஒட்டிய பெயர். பேக்கரியின் உண்மையான சொந்தக்காரரே உள்ளே எட்டிப் பார்த்து, "முதலாளி, இன்னைக்கு பன்னு கொஞ்சம் கூடப் போடலாமா, தங்கள் உத்தரவு எப்படி?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

சிரித்தாரே தவிர நினைப்பை விடவில்லை. வேலைக்குப் போகிற வழியில், தெருமுனையில், ஷட்டர் இழுத்துப் பூட்டிய கடை ஒன்று வெகுகாலமாகக் கிடந்தது. தினமும் அதற்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையில் கொஞ்ச நேரம் நிற்பார். அடுப்பு பின்சுவரோடு. பிசைகிற மேசை ஜன்னலை ஒட்டி. ரோட்டில் போகிறவர்கள் பார்க்க வேண்டும். அங்கே ஜன்னலே கிடையாது, அவராக மனதுக்குள் சுவரை இடித்து வைத்துக்கொண்டது. மனக்கோட்டை கட்டாதவர் யார்? கட்டிய கோட்டையைத் தினமும் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாரே மனிதர், அதுதான் பெரிய விஷயம்.

மனைவி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லாத கடைக்கு எதுக்குங்க ஜன்னல்? நம்ம வீட்டு ஜன்னல் சாத்த மாட்டேங்குது, மொதல்ல அதப் பாருங்க." ஆனால் கேட்டுக் கேட்டு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள். "ஜன்னல் பக்கம் மேசையப் போட்டா வெயில் அடிக்காதா? மாவு சூடாயிடுமே?" அவர் வாயில் வைத்ததை மெல்லாமல் யோசித்தார். நியாயமான கேள்வி. அன்றைக்கே இரண்டு பேருமாக அந்த இல்லாத மேசையை நிழல் பக்கம் நகர்த்தினார்கள்.

மனைவியின் தம்பிக்கும் அதே பேக்கரியில்தான் வேலை. மாவு சலிக்கிறவன். அவன் முகத்தில் எப்போதும் மாஸ்க் இருக்கும். முதலாளிக்கு அது அறவே பிடிக்காது. பிசைந்த மாவு பொங்கி வருகிற பதத்தை அவர் மூக்கால்தான் பார்ப்பார். தொட்டியின் மேல் குனிந்து ஒரு இழுப்பு. "இன்னும் ஆகல" என்பார், இல்லையென்றால் "எடு" என்பார். ஒரு நாளும் பிசகியதில்லை. அதில் அவருக்குத் திமிரும் உண்டு.

"மூக்க மூடிக்கிட்டு மாவு பிசையறதும் கண்ணக் கட்டிக்கிட்டு லாரி ஓட்டறதும் ஒண்ணுடா."

"நீங்க இருமுறது கொஞ்சமா மாமா? தெரு முழுக்கக் கேக்குது."

"போடா. மாவு இருமல் எல்லாருக்கும் உள்ளதுதான். இருமாதவன் பேக்கரியில என்னத்த வேலை பார்த்தான்?"

அட, அப்போதே யாராவது அவரைப் பிடித்து உட்காரவைத்து மூக்கில் ஒரு துணியைக் கட்டியிருக்கக் கூடாதா! லீவு நாளில் வீட்டில் இருந்தால் இருமல் அடங்கிவிடும். வேலைக்குப் போனால் மறுபடி ஆரம்பிக்கும். அது ஏன் என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லையே. "ரெஸ்ட் எடுத்தா உடம்பு தெளியுது" என்று பூசி மெழுகிவிட்டார். கடை கிடைக்கப் போகிற நேரத்தில் நோயாளி என்று பெயர் வாங்க அவருக்குப் பயம்.

கடை கிடைத்தே விட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் அந்தத் தெருமுனை ஷட்டர் திறந்தது. சுவரை நிஜமாகவே இடித்து ஜன்னல் வைத்தார்கள். மேசை நிழல் பக்கம் போனது, மனைவி சொன்ன அதே இடத்துக்கு. முதல் நாள் அவர் புது மூட்டையைப் பிரித்தார். சின்ன அறை, புது ஜன்னலை இன்னும் திறக்கவில்லை. மாவுத் தூசி குப்பென்று எழுந்தது. இரண்டு தடவை இருமினார். அப்புறம் மூச்சு உள்ளே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு மாவு ஆகல. வருஷக்கணக்கா உள்ள இழுத்திருக்கீங்க. இனிமே அந்தத் தூசி பட்டாலே மூச்சுக்குழாய் சுருங்கிடும்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"இனிமே எப்பவுமே. கடைப் பக்கமே போகக்கூடாது."

"நான் மாஸ்க் போட்டுக்கறேன் டாக்டர்."

"அத அப்பவே போட்டிருக்கணும்" என்றார் டாக்டர்.

சொன்னதைக் கேட்டாரா? வீட்டுக்கு வந்ததும் திருட்டுத்தனமாகக் கடைக்குப் போனார். மறுபடியும் ஆஸ்பத்திரிதான். மனைவி கட்டில் ஓரமாக நின்று அழுதாள். "கடைய மூடிடலாங்க. எனக்கு நீங்க வேணும்." அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "மூடாத. நீயும் தம்பியுமா நடத்துங்க" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் வந்தது.

கடை ஓடியது. நன்றாகவே ஓடியது. அவள் கடையிலேயே தலைக்குக் குளித்து, வேறு புடவை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். வந்த பிறகும் கொஞ்சம் தள்ளியே உட்காருவாள். வாய் ஓயாமல் கடைப் பேச்சு. இன்னொரு அடுப்பு போட்டால் என்ன என்று கேட்பாள். ஒரு காலத்தில் இவர் பேசிய பேச்சு அத்தனையும் இப்போது அவள் வாயில். அவருக்குச் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான். இதை யாரிடம் சொல்வது?

பகலெல்லாம் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பூட்டிய கடையைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே இடம். ஜன்னலுக்குள் மாஸ்க் போட்ட மைத்துனன் மாவு பிசைவது தெரியும். போகிறவர் வருகிறவர் "என்ன முதலாளி, சௌக்கியமா?" என்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. அவர்கள் சிரித்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. முதல் தட்டு வெந்ததும் மனைவி ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வருவாள். கையை எட்டி நீட்டி, "வாசம் பாருங்க" என்பாள். அவர் இழுத்துப் பார்த்து, சரி என்றால்தான் பன் விற்பனைக்குப் போகும். அதற்காகத்தான் அவர் விடிந்ததும் எழுந்தார், குளித்தார், சட்டை மாட்டினார்.

அவர் மூக்கு செத்துப் போய் வெகுநாளாகிறது. அதே நோய்தான் அதையும் தின்றுவிட்டது. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

அன்றைக்கு அவள் முகத்தில் சந்தேகம். "மாவு ரொம்பப் பொங்கிடுச்சோன்னு இருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க." அவர் கண்ணை மூடி நெஞ்சு விரிய இழுத்தார். ஒன்றுமே இல்லை. வெறும் சூடு மட்டும் மூக்கில் பட்டது.

"பிரமாதம். கொண்டு போ" என்றார்.

அவள் சிரித்த முகமாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் பையோடு திரும்பி வந்து கடை வாசலில் கத்துவது கேட்டது. "தூக்கும்போதே புளிச்ச நாத்தம் அடிக்குது, இத எப்படிம்மா வித்தீங்க?" மனைவி பன் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள். அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கி, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போக எங்கே இடம்?

வீட்டில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல் ரோட்டைக் கடந்து வந்தாள், வழக்கம்போல் கையை நீட்டிப் பன்னைக் கொடுத்தாள். வாசம் பாருங்க என்று சொல்லவில்லை.

"ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள். எதிரே கடையில் பன் விற்பனை அதற்குள் ஆரம்பித்திருந்தது.