ஸ்கேன் அக்காவின் தாடை

ஸ்கேன் அக்காவுக்கு ஒரு பழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரிடம் மைக்கில் "மூச்ச இழுங்க" என்றால் தானும் இழுத்துக்கொள்வார். "அசையாதீங்க" என்றால் நாற்காலியில் தானும் சிலையாகிவிடுவார். பத்தொன்பது வருட வேலையில் நோயாளிகளோடு சேர்ந்து அவர் விட்ட பெருமூச்சுகள் ஏராளம்.

தாடை மூட்டுப் படம் எடுக்கும் நாள்களில்தான் வம்பு. வாயை மூடி ஒன்று, திறந்து ஒன்று என எடுத்தால்தான் மூட்டுக்குள் இருக்கும் தட்டு விலகியிருக்கிறதா என்று தெரியும். அக்காவின் தாடையே மூன்று வருடமாக 'டக்' என்ற சத்தத்தோடுதான் திறந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்துத் தாடை டாக்டரிடம் அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஆறு வாரம் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்பார். அக்காவின் சிரிப்பு லிஃப்ட் வரை கேட்கும். வேறு எதையும் விட்டுக்கொடுப்பார், அதை மாட்டார்.

அன்று உள்ளே படுத்திருந்தவர் ஒரு பஸ் கண்டக்டர்.

"வாய நல்லாத் திறங்கண்ணே. நான் மூடச் சொல்ற வரைக்கும் அப்படியே இருங்க."

அவர் திறந்தார். அக்காவும் திறந்தார். இயந்திரம் நான்கு நிமிடம் தடதடத்து ஓய்ந்தது. மூடச் சொல்ல வேண்டிய வாய் மூட மறுத்தது.

"ஆ... ஆ..." என்றார் அக்கா மைக்கில்.

கண்டக்டர் பணிவாக இன்னும் அகலத் திறந்தார்.

"ஆஆ!" என்று அக்கா கையை உதறினார். கண்டக்டர் இன்னும் கொஞ்சம் முயன்றார். கண்ணில் நீர் முட்டியதும், அவசரத்துக்கு அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தினார். மணி அலறியது.

ஓடிவந்த தாடை டாக்டர் கண்ணாடியின் இருபக்கமும் பார்த்தார். "இதுல யாரு பேஷண்ட்?"

அக்கா தன்னையே சுட்டிக்காட்டினார். மூன்று வருட ரகசியம் போயிற்று. டாக்டர் கட்டைவிரல்களில் துணி சுற்றி, அவரது கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, அழுத்திப் பின்னால் தள்ளினார். டக்.

அக்கா மைக்கைப் பாய்ந்து பிடித்தார். "மூடுங்கண்ணே!"

கண்டக்டர் தாடையைத் தடவியபடி வெளியே வந்தார். "நான் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் விசில் அடிச்சு இறக்கி விடுறேன்மா. நீங்க என்னை இறக்கி விடவே மறந்துட்டீங்களே!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் பதறி அவர் தாடைக்கு அடியில் கை கொடுத்தார். "ஐயோ, சிரிக்காதீங்கம்மா! ஆறு வாரம்!"

மறுநாள் அக்காவே அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்தார். மைக்கில் பேசியது உடன் வேலை பார்க்கும் பெண். "அக்கா, தயவுசெஞ்சு அந்தக் கண்டக்டர நெனச்சுடாதீங்க."

அவ்வளவுதான். படம் முழுக்க மங்கல். அதன் ஓரத்தில், அக்கா எத்தனையோ பேருக்கு எழுதிய அதே குறிப்பு: 'நோயாளி அசைந்துவிட்டார்.' மூன்றாம் முறை எடுத்த படத்திலும் அதையே படித்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சரி, சிரிங்க. ஆனா தாடைக்கு முட்டுக் கொடுத்துட்டுச் சிரிங்க."

இப்போது அக்கா சிரிக்கும்போது தாடைக்கு அடியில் அவரது முஷ்டி இருக்கும். லிஃப்ட் அருகே நிற்பவர்களுக்குச் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை.