ஹம்மர்பெஸ்டில் ஒரு சிவப்புப் பொட்டு

புவனா அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஓஸ்லோவில், வெஸ்ட்லிக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு வந்தது. அழுதேன். ரொம்மனில் இறங்குவதற்குள் சிரித்தும்விட்டேன். அவரோடு பழகிய உங்களுக்கு இது விளங்கும்.

இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றில், பஞ்சடைத்த விலங்குத் தோல்கள் வைத்திருக்கும் அறையில், எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் மதுரை, அவர் யாழ்ப்பாணம். "நீ கதைக்கிறதைக் கேக்க படம் பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்று என்னைச் சீண்டுவார்.

ஒவ்வொரு தோலின் காலிலும் பெயர்ச்சீட்டு கட்டியிருக்கும். வகைப்பாடு மாறினால் புதுச் சீட்டு கட்டுவோம், பழையதை வெட்டக்கூடாது. ஆர்க்டிக் தரை அணிலை முன்பு நீள்வால் தரை அணிலோடு சேர்த்து ஒரே இனம் என்றார்கள். பிறகு பிரித்தார்கள். அப்புறம் பேரினமும் மாறியது. அதனால் எங்களிடமிருந்த ஓர் அணிலின் காலில் மூன்று சீட்டுகள்.

"என்னை மாதிரித்தான். அகதி, மீன் பக்டரிக்காரி, இப்ப இது. ஒண்டையும் வெட்டேல்லை" என்பார் அக்கா.

அந்த அணிலின் முதல் சீட்டில் இடம் ஹம்மர்பெஸ்ட் என்று இருந்தது. நோர்வேயின் வடகோடித் துறைமுகம்; அக்கா நோர்வேக்கு வந்து முதலில் வேலை செய்த ஊரும் அதுதான். கண்காட்சிக்காக, இந்த அணில் வாழும் இடங்களைக் காட்டும் வரைபடம் தயாரித்தோம். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா என்று சிவப்புப் பொட்டுகள் ஒட்டினோம். திறப்பு விழாவன்று காலையில் பார்த்தால் ஹம்மர்பெஸ்டிலும் ஒன்று!

"அக்கா, நோர்வேல இந்த அணிலே கிடையாது. யாராவது கப்பல்ல கொண்டாந்து அங்க இறக்கியிருப்பாங்க."

"ஓம், எனக்கும் தெரியும். ஆனா சீட்டிலை எழுதிக் கிடக்கெல்லோ!"

"வந்து இறங்கின இடம் வேற, வாழுற இடம் வேறக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க இதைப் பார்த்துத்தான் படிக்கும்."

அவர் முகம் வாடிவிட்டது. தன்னை முதலில் ஏற்றுக்கொண்ட ஊர் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்! எனக்கே பாவமாக இருந்தது.

"பிள்ளையளுக்குப் பொய் சொல்லேலாது" என்று தானே அந்தப் பொட்டை உரித்தார். உரித்தவர் கண்ணாடியில் பார்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார். அப்படியே போய், வந்திருந்தவர்களுக்கு நோர்வேஜிய மொழியில் விளக்கமும் சொன்னார். இந்த அணில் நோர்வேயில் இல்லை என்று சொல்லி முடித்து, நெற்றியைத் தொட்டு, "ஹம்மர்பெஸ்டிலிருந்து வந்தது நான் மட்டும்தான்" என்றார். கூடமே சிரித்தது.

மாலையில் அந்தப் பொட்டைத் தன் அலமாரிக் கதவில், பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

அந்த அலமாரி இப்போது எனக்கு. பழைய பெயரை எடுத்துவிட்டு என் பெயரை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன், அவர் பெயருக்கும் பொட்டுக்கும் கீழே. பழைய சீட்டை வெட்டும் வழக்கம் எங்கள் அறையில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.