எண்ணூருக்குப் போன நைனாவின் பாடு

எழுபதுகளின் கடைசி. இனி ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை என்று என் பெற்றோர் முடிவு கட்டியபோது, மிச்சமிருந்த ஒரே பிரச்சினை நான். நைனா தோணிரேவில், அம்மா பழவேற்காட்டில், மாமா வீட்டில். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த பங்கீடு ஒன்றுதான். ஏரியில் இறால் கிடைக்கும் இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அதையே எனக்கும் வைத்தார்கள். ஒரு வாரம் நைனா பாடு, ஒரு வாரம் அம்மா பாடு. இறாலுக்குச் சமமாக மதித்தார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வருஷம் ஏரி ஏமாற்றியது. எண்ணூரில் ஒரு கட்டுமான வேலைக்குப் படகு ஓட்ட நைனா ஆறு மாதம் போக வேண்டியிருந்தது. தங்குவது ஆம்பிளைகள் கொட்டகையில். என்னைக் கூட்டிப்போக முடியாது. உடம்பு சரியில்லாதவனின் பாடு வந்தால் அவனுக்குப் பதில் அவன் தம்பி வலை போடலாம் என்பது ஏரி வழக்கம். அதை நம்பி, என்னைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் நண்டு சமைத்தார். தலை பின்னிவிடச் சொன்னேன். வலை நூலை எடுத்து, வலைக்குப் போடும் முடிச்சையே சடைக்கும் போட்டு, இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். சுறாவே மாட்டினாலும் தப்பியிருக்காது. அடுத்த வாரம் அம்மா எவ்வளவோ போராடிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டிய சடையைத் தூக்கிக்கொண்டு நேரே ஊர்க்கூட்டத்துக்குப் போனாள்.

பெரியவர்கள் வெகுநேரம் விவாதித்தார்கள். தம்பி போடுவதெல்லாம் உடம்பு முடியாதவனுக்குத்தான். வெளிவேலைக்குப் போனவன் பாடு கைவிட்ட பாடு, அது அடுத்தவருக்குச் சேரும் என்றார்கள். அண்ணன் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று சித்தப்பா கேட்டார். விட்டது விட்டதுதான் என்றார்கள்.

அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. நைனா இனி எனக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பயத்தில் ஓவென்று அழுதேன்.

தலைவர் அம்மாவிடம் சொன்னார்: "இனிமே ரெண்டு வாரமும் உம் பாடுதாம்மா. புள்ளைய இட்டுனு போ."

அம்மா அசையவில்லை. "எம் பாடுன்னா நான் எங்க வேணா வலை போடலாம் இல்ல?"

போடலாம் என்றார் தலைவர்.

"அப்ப அந்தாளு வாரத்துல நான் எண்ணூர்ல போட்டுக்கறேன். இன்னா ஏதுன்னு யாரும் கேக்கக் கூடாது."

அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பொன்னேரி போய் பஸ் மாறி எண்ணூரில் இறங்கினோம். நைனா கொட்டகையிலிருந்து ஓடிவந்து என்னை வாரித் தூக்கினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஒரு தூக்குவாளியை என் கையில் திணித்தாள்.

"புள்ளைக்கு" என்றாள்.

திறந்து பார்த்தேன். மடவை மீன் குழம்பு, நாலு ஆள் சாப்பிடும் அளவுக்கு. என் நாக்கு தாங்காத காரம்; நைனாவுக்கு வைக்கிற காரம்.